மறுமுனையில் யார்? – தொலைபேசிவழி உதவியும் வீட்டு வன்முறையும் குறித்துச் சில குறிப்புகள்

1

என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. 2020 ஊரடங்கின்போது ஓமலூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று நாங்கள் மூன்று பெண்கள் எங்கள் செல்பேசி எண்களைக் கொடுத்தோம். அமைப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெயர்ப்பலகை இல்லை, நிதி இல்லை. ஊரடங்கு முடிந்தது, அழைப்புகள் முடியவில்லை. பிறகொரு நாள் மதியம் ஒரு மிஸ்டு கால். இரண்டு நாள் முன்பு பேசிய பெண்ணின் எண். யோசிக்காமல் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது ஆண் குரல்.

"யாருங்க?"

அவள் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? நீங்க யாரு, எந்த ஊரு?"

"சும்மாதாங்க. தெரிஞ்சவங்க."

அந்தச் 'சும்மா'வுக்கு என்ன விலை என்று எனக்கு அப்போது தெரியாது. அதன்பின் பதினோரு நாள் அந்த எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் வேறு ஏதோ ஒரு போனிலிருந்து பேசினாள். முதல் வாக்கியம் இது: "அக்கா, இனிமே நீங்களா கூப்பிடாதீங்க. நான்தான் கூப்பிடுவேன்."

அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பல மாதங்களாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். உதவி செய்கிறவர்களின் மொழியையும், 'பாதிக்கப்பட்ட பெண்' என்று நாம் கட்டி வைத்திருக்கிற பிம்பத்தையும் அந்த வாக்கியம் கேள்விக்குள்ளாக்குகிறது என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை அதன் வாசிப்புதான்.

2

தொலைபேசியை நாம் வீட்டுக்கு வெளியே திறக்கும் ஒரு கதவாகக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருள். வீட்டுக்குள் இருக்கும் மற்ற எல்லாப் பொருள்களையும் போல அதற்கும் ஓர் உடைமையாளர் உண்டு.

தாரமங்கலம், ஜலகண்டாபுரம், எடப்பாடிப் பக்கத்துத் தறி வீடுகளை எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் முன்பகுதிதான் பட்டறை. அவர் தறி ஓட்டுவார். அவள் தார் சுற்றுவாள், சமைப்பாள், அவர் அசந்த நேரத்தில் தறியும் ஓட்டுவாள். கூலிக்குப் போகிற குடும்பங்களில் தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் புருஷன் கையில் இருக்கும். கடன் இருவர் தலையிலும் இருக்கும். ஜோடியாக வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தி விலகினால் முன்பணத்துக்கு யார் பதில் சொல்வது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என்று வன்முறையை நான்காகப் பிரிக்கிறது. தறி வீட்டில் இந்த நான்கும் ஒரே முடிச்சு.

இந்த வீட்டில் போன் எங்கே இருக்கிறது? டச் போன் அவரிடம். வீட்டில் ஒரு பட்டன் போன், அதற்கும் ரீசார்ஜ் அவர். சிம் அவர் பெயரில். யார் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். பல டச் போன்களில் பேச்சைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அவள் வாட்ஸ்அப் இன்னொரு போனிலோ கணினியிலோ திறந்து கிடந்தாலும் அவளுக்குத் தெரியாது. 'அம்மா யார்கூட பேசுனாங்க' என்று சொல்லக் குழந்தைகள் இருக்கிறார்கள். பூக்கோவின் கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே கோபுரம் எதுவும் வேண்டியதில்லை. சட்டைப் பையில் போதும்.

அப்படியானால் நேரிலேயே வரச் சொல்லலாமே என்று கேட்கலாம். சட்டம் சொல்கிற பாதுகாப்பு அலுவலர் இருப்பது மாவட்டத் தலைநகரான சேலத்தில். தூரம் அதிகமில்லை, ஓமலூரிலிருந்து 15 கிலோமீட்டர்தான். ஆனால் உள்கிராமத்திலிருந்து வருகிறவளுக்கு அது இரண்டு பஸ், அரை நாள் கூலி, 'எங்க போயிட்டு வர்றே' என்ற கேள்விக்கு ஒரு பதில். இந்த மூன்றில் மூன்றாவதுதான் அதிக தூரம். போன் அந்தத் தூரத்தைக் குறைக்கிறது. கூடவே அவர் வீட்டில் இல்லாத பத்து நிமிடத்தை அவளுக்குப் பயன்படுத்தத் தருகிறது. எனவே நான் போனுக்கு எதிராக எழுதவில்லை. அதை நடுநிலையான ஒரு கருவி என்று நம்புவதற்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

3

2020 மார்ச் இறுதியில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, 'வீட்டில் இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வீடும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்களாகிவிட்டன. அந்த ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தது. அந்த ஆண்டில் ஆணையத்துக்கு வந்த மொத்தப் புகார்கள் 23,722. முந்தைய ஆண்டைவிட மிக அதிகம். தமிழ்நாட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண் 2018 டிசம்பரிலேயே வந்துவிட்டது.

வெளிநாடுகளில் புதுப்புது உத்திகள் பிறந்தன. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் மருந்துக் கடையில் போய் 'முகக்கவசம் 19' என்று கேட்டால் போதும், கடைக்காரர் காவல்துறைக்குச் சொல்லிவிடுவார். கனடாவின் பெண்கள் அறக்கட்டளை ஒன்று ஒரு கைச் சைகையைப் பரப்பியது: உள்ளங்கையைக் காட்டு, கட்டைவிரலை மடக்கு, மற்ற விரல்களால் அதை மூடு. வீடியோவில் பேசும்போது வாய் திறக்காமல் உதவி கேட்க இது வழி.

இவற்றைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. 2021 நவம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் ஒரு காரில் இருந்த 16 வயதுப் பெண் இந்தச் சைகையைக் காட்ட, பின்னால் வந்த காரோட்டி புரிந்துகொண்டு போலீசைக் கூப்பிட்டார், அவள் மீட்கப்பட்டாள். ஆனால் அது நடந்தது சாலையில், அந்நியர் ஒருவர் பார்க்கும் இடத்தில். வீட்டுக்குள்ளிருந்து இந்தச் சைகையைக் காட்ட வீடியோ காலும் டேட்டாவும் வேண்டும். மருந்துக் கடைக்குத் தனியாகப் போகிற சுதந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகம் முழுக்கப் பரவிய ஒரு ரகசியச் சைகை அடிக்கிறவனுக்கும் தெரிந்த சைகைதான். எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரு குறியைக் கண்டுபிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கையே ஒரு பெருங்கதையாடல். குறி என்பது இரண்டு பேருக்கு நடுவே, அந்த வீட்டை அறிந்தவள் தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும்.

4

அடுத்தது மொழி. ஆரம்பத்தில் நாங்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்: "அடிக்கிறாரா?" கிடைத்த பதில், "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. கோவம் வந்தா கை நீட்டுவாரு, அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லைக் கட்டுடைத்துப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. பெண்களின் பேச்சில் 'அடி' என்பது ரத்தம் வந்தால்தான். கன்னத்தில் அறைந்தால் 'கை நீட்டினார்'. முடியைப் பிடித்து இழுத்தால் 'சண்டை'. தட்டை வீசினால் 'சத்தம் போட்டார்'. கழுத்தை நெரித்ததைக்கூட 'கழுத்தப் புடிச்சார்' என்று ஏதோ தோளைத் தொட்டது போலச் சொல்கிறார்கள். கட்டாய உறவுக்கு வார்த்தையே கிடையாது. 'தொந்தரவு' என்பார்கள், அதுவும் குரல் தாழ்ந்து. சட்டத்திலும் இதே மௌனம்தான்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமும், 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் செய்வதை வல்லுறவு என்ற வரையறைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 'பாலியல் கொடுமை' என்ற பிரிவு மட்டும் மிஞ்சுகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வு இந்த மொழிச் சிக்கலை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது செயல்களைக் கேட்கிறது: அறைந்தாரா, தள்ளினாரா, கையை முறுக்கினாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று ஒவ்வொன்றாக. அப்படிக் கேட்டபோது, 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான 18–49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் 40.6. இந்திய அளவில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 14 விழுக்காட்டினர்தான் உதவி தேடியிருக்கிறார்கள். 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. அப்படியானால் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் அந்த விளிம்பைக் கடந்து வந்த சிலர் மட்டுமே.

அந்த ஆய்வில் இன்னொரு விதியும் உண்டு. வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம். அதுவும் தனிமை கிடைத்தால் மட்டும். தனிமை இல்லையென்றால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற வேண்டும். நேரில் போகிற ஆய்வாளர், அறைக்குள் யார் இருக்கிறார் என்று கண்ணால் பார்க்கிறவர், அவருக்கே இத்தனை கட்டுப்பாடு. கண்ணில்லாத நாங்கள் 'ஹலோ' சொன்ன கையோடு 'என்னம்மா ஆச்சு?' என்று ஆரம்பித்தோம்.

5

எனவே முதல் கேள்வி 'என்ன ஆச்சு?' அல்ல, 'இப்பப் பேசலாமா?' என்பது. அதுவும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக. "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு கண்ணு." "ஸ்பீக்கர்ல இருக்கா?" "லைன் கட்டானா நான் கூப்பிடட்டுமா, வேண்டாமா?" கடைசிக் கேள்வியை முதல் நிமிடத்திலேயே கேட்டிருந்தால் மேலே சொன்ன பதினோரு நாள் இருந்திருக்காது.

பிறகு காது. காதுக்கு ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவளின் பதில் திடீரென்று 'ம்', 'சரிங்க மேடம்' என்று சுருங்குவது. அக்கா என்றவள் மேடம் என்பது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆவது, அதாவது ஸ்பீக்கர் போடப்பட்டிருப்பது. அவளைக் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வது. மனப்பாடம் செய்தது போல ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வது. ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் 'அவரக் கேட்டுட்டுச் சொல்றேன்' என்பது.

தறி வீடுகளில் இதற்கும் மேல் ஒன்று. தறி ஓடுகிற சத்தத்தில் எதிரே நிற்கிறவர் பேசுவதே கேட்காது. முதலில் அந்தச் சத்தம் எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. 'கொஞ்சம் வெளிய வந்து பேசும்மா' என்போம். ஒருத்திதான் சொல்லித் தந்தாள்: "வெளிய வந்தா தெருவே பாக்கும்க்கா. தறி ஓடுற வரைக்கும் அவரு அங்க நிக்கறாருன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா வெச்சிருவேன்." நாங்கள் இடைஞ்சல் என்று நினைத்தது அவளுக்குச் சுவர். சத்தம் நின்றால்தான் ஆபத்து.

ஆனால் இந்தக் குறிகளை வைத்து நாங்கள் துப்பறியும் நிபுணர்களாகிவிட முடியாது. தறி கரண்ட் போனாலும் நிற்கும். மாமியார் அக்கறையிலும் பதில் சொல்லலாம். குறியீடுகளுக்கு உள்ளார்ந்த அர்த்தமில்லை என்று நாமே எழுதியிருக்கிறோமே! சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேச்சை உடனே மாற்றி, வெளியேறும் வழியை அவள் கையில் கொடுப்பது. அதற்காகத்தான் முன்கூட்டியே ஒரு மாற்றுக் கதை. ஒருத்தியோடு ஜாக்கெட் தைக்கிற கதை பேசி வைத்துக்கொண்டோம். 'அளவு சரியில்ல' என்றால் யாரோ வந்துவிட்டார். 'கொக்கி பிஞ்சு போச்சு' என்றால் உடனே உதவி வேண்டும். (இங்கே எழுதியிருப்பவை நாங்கள் பயன்படுத்திய சொற்கள் அல்ல.) முதலில் மகளிர் குழுக் கடன் என்ற கதையை நான்தான் சொன்னேன். "ஐயோ, பணம்னு காதுல விழுந்தா அன்னிக்கே சண்டைக்கா" என்று அவள் மறுத்தாள். எந்தப் பொய் தாங்கும் என்பது அந்த வீட்டில் இருப்பவளுக்கே தெரியும். 'கொக்கி பிஞ்சு போச்சு' என்று சொன்னால் நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும், பக்கத்து வீட்டையா, அண்ணனையா, 112ஐயா, 181ஐயா என்பதையும் அவளே முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும்.

எழுதி அனுப்புவதிலும் இதே கதைதான். சட்டப் பிரிவுகளைப் பத்தி பத்தியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெருமைப்பட்டதுண்டு. 2025 ஜூலையில், கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சை மணமுறிவு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பதிவு செய்தவர் கணவர். இந்தத் தீர்ப்பு சில பெண்களுக்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் போன் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பதிவும் இருக்கும்.

6

அல்தூசர் 'விளித்தல்' பற்றிச் சொன்னது நம் வாசகர்களுக்குத் தெரியும். தெருவில் போலீஸ்காரர் 'ஏய், உன்னைத்தான்' என்கிறார். திரும்பிப் பார்க்கிறவர் அந்தக் கணத்தில் சட்டத்தின் 'தன்னிலை'யாக ஆகிவிடுகிறார். உதவி எண்ணும் ஒரு விளிப்பு. அதற்குத் திரும்புகிற பெண் 'பாதிக்கப்பட்டவர்' ஆகிறாள். நாங்கள் 'மீட்பவர்கள்' ஆகிறோம். அல்தூசர் சொல்லாத ஒன்று, வீட்டுக்குள் நுழைகிற விளிப்புக்கு அவள் மட்டும் திரும்புவதில்லை. கூடவே அவனும் திரும்புகிறான்.

மீட்பவர்களின் இரண்டாவது கேள்வி எப்போதும் தயாராக இருக்கும்: "ஏம்மா இன்னும் அங்கேயே இருக்கே?" நானும் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி முற்போக்கானது போலத் தோன்றும். உண்மையில் 'அனுசரிச்சுப் போம்மா' என்கிற ஊர்ப் பஞ்சாயத்தின் மறுபக்கம் அது. அது இருக்கச் சொல்லித் தீர்ப்பளிக்கிறது, இது போகச் சொல்லித் தீர்ப்பளிக்கிறது. இரண்டிலும் அவள் கணக்கை யாரும் கேட்பதில்லை. அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் பட்டியல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அவரும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளில் தெளிவான ஒன்று: அவள் பிரிந்து போகிற, போக முடிவெடுக்கிற நேரமே கொலை அபாயம் கூடுகிற நேரம். முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால் அந்த அபாயம் பல மடங்கு. 'கழுத்தப் புடிச்சார்' என்ற சாதாரணப் பேச்சைக் காது நழுவவிடக் கூடாது என்பது இதனால்தான். மூச்சு முட்டியதா, குரல் மாறியதா, விழுங்க முடிகிறதா, அடுத்த நாள் வலித்ததா என்று கேட்டு, வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், கர்ப்ப காலத்தில் அடி, எப்போதும் சந்தேகம், நீ போனால் நான் செத்துவிடுவேன் என்ற பேச்சு, இவையும் இந்த வரிசையில் வருபவை. எந்த இரவு ஆபத்தானது என்று முன்னறிவதில் அவளைவிடத் தேர்ந்தவர் யாருமில்லை. இத்தனை நாள் உயிரோடு இருப்பதே அதற்கு ஆதாரம்.

வெளியேறுவதைச் சட்டமும் நிபந்தனையாக்கவில்லை. 17ஆம் பிரிவு அவளுக்கு அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையைத் தருகிறது. 19ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் அவனை வெளியேறச் சொல்லலாம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அது அவள் வாழ்ந்த வீடுதான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அவளைக் கேட்காமல் நாம் சொன்ன தகவல், ஒரு விசாரணையாக அந்த வாசலுக்குப் போய்த் திரும்பிய பிறகு, இரவில் அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது அவள்தான். உயிர் போகிற நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அது வேறு. மற்ற நேரங்களில் சட்டம் தரும் அனுமதியை நம் அறமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

7

இந்தப் பகுதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1992இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் தொடங்கியது. அதே ஆண்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. அரசு முதன்முறையாக இந்த வீடுகளின் உள்ளே எட்டிப் பார்த்தது. எதைப் பார்த்தது? கர்ப்பிணியின் வயிற்றை. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் அவளுக்கு என்ன நடக்கும், எந்தப் பயத்தில் அவள் அந்தத் தொட்டில்வரை வருகிறாள் என்று பார்க்கவில்லை. குற்றவாளியாகக் கண்காணிக்கப்பட்டவள் அவள்தான். காவல் நிலையங்களின் 'கவுன்சலிங்' பற்றியும் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ரெண்டு பேரையும் உட்கார வைத்து, எழுதி வாங்கி, சேர்த்து அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுவது என்ற கருத்தியல் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தொலைபேசியில் அதற்கு நாற்காலிகூடத் தேவையில்லை. இதமான குரலில் 'அவரையும் ஒரு தடவை லைன்ல எடுங்களேன், பேசிப் பார்க்கலாம்' என்று சொன்னால் முடிந்தது. தம்பதி இருவரையும் ஒரே அழைப்பில் வைத்துப் பேசுவது, வன்முறை இருக்கும் இடத்தில், சமரசம் அல்ல. அவளை அவன் முன்னால் சாட்சி சொல்ல வைப்பது.

அரசைத் திட்டுவது நமக்குச் சுலபம். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். திராவிடர் கழகம் என்ற பெயர் சூட்டப்பட்டது சேலத்தில், 1944இல். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது 1967இல். மேடையில் இருவரும் சமம் என்று உறுதிமொழி வாசித்த திருமணங்களின் வீடுகளிலிருந்தும் எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. 'வெளியில சொன்னா இயக்கத்துக்குக் கெட்ட பேருக்கா' என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். தறி வீட்டுப் பெண் சாதி சனத்துக்குப் பயப்படுகிறாள். தோழரின் மனைவி கொள்கைக்குப் பயப்படுகிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்கிற எண்ணும் பெரும்பாலும் தோழரின் நண்பருடையதாகவே இருக்கிறது. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் யாருக்கு நான் எழுதுகிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

அந்தப் பெண் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். நகையில் ஒன்று அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று இவற்றின் நகல்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. ஒருமுறை ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, துணி எடுக்க வந்தவளாக அரைமணி நேரம் என்னோடு நின்றுவிட்டுப் போனாள். மனு எழுதலாமா என்று கேட்டேன். "பொங்க கழியட்டும்க்கா" என்றாள். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை. அவள் எண் என் போனில் வேறொரு பெயரில் இருக்கிறது. சில நாட்கள் அது ஒளிர்ந்து, ஒரே ஒரு ரிங்கில் நின்றுவிடும். நான் திருப்பிக் கூப்பிடுவதில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, அவள் மறுபடி கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.